உஷார்! குயிலாப்பாளையத்தில் விற்கப்படுவது வீடா, விலாசமா?

டோக்கன் கொடுக்காதீர்கள். குயிலாப்பாளையத்தில் வாடகைக்கு விடுவதற்காக வீடோ மனையோ வாங்க நினைத்திருப்பவர், இதற்கு மேல் படிக்க நேரமில்லை என்றால் இதை மட்டுமாவது எடுத்துக்கொள்ளுங்கள்: கீழே சொல்லியிருக்கிற காகிதங்களைக் கண்ணால் பார்க்கும்வரை பத்தாயிரம் ரூபாய்கூடக் கைமாற வேண்டாம். ‘நாளைக்கு பெங்களூரு பார்ட்டி ஒண்ணு வருது சார், உங்களுக்காகத்தான் நிறுத்தி வெச்சிருக்கேன்’ என்று தரகர் சொன்னாலும் வேண்டாம். அந்த பெங்களூரு பார்ட்டி வருஷம் முழுக்க நாளைக்குத்தான் வந்துகொண்டிருப்பார்.

புதுச்சேரியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே வந்து, ஆரோவில் பலகை பார்த்து இடது பக்கம் திரும்பி மேடேறினால் இந்த ஊர். செம்மண், முந்திரி, இரு பக்கமும் வாடகை ஸ்கூட்டர்கள், காபிக்கடைகள், ‘ரூம் வாடகைக்கு’ என்ற பலகைகள். சனி ஞாயிறென்றால் வெளியூர்க் கார்கள் தெருவை அடைத்துக்கொண்டு நிற்கும். பார்க்கிறவர் மனசுக்குள் ஒரு கணக்கு ஓடத் தொடங்கும்: ஒரு அறைக்கு ராத்திரிக்கு ரெண்டாயிரம், நாலு அறை, மாசம் முப்பது நாள்... தரகருக்கும் அது தெரியும். அவர் விற்பது அந்தக் கணக்கைத்தான். மனை அதற்கு இலவச இணைப்பு.

விளம்பரத்தில் ‘ஆரோவில்’ இருக்கும், ‘பாண்டிச்சேரி’ இருக்கும். பத்திரத்தில் இருக்கப்போவது வேறு: தமிழ்நாடு, விழுப்புரம் மாவட்டம், வானூர் வட்டம், ஒரு புல எண், அதற்கொரு உட்பிரிவு. உங்கள் உரிமை, வரி, நாளைக்கு வரக்கூடிய வழக்கு எல்லாம் அந்த உட்பிரிவு எண்ணோடு ஒட்டிக்கொண்டவை.

முதலில் ஆரோவில் என்ற பெயர். 1968 பிப்ரவரி 28-ல் தொடங்கப்பட்ட ஆரோவில், 1988-ல் நாடாளுமன்றம் இயற்றிய தனிச் சட்டத்தின்படி ஆரோவில் ஃபவுண்டேஷனின் கையில் இருக்கிறது. உள்ளே இருக்கும் நிலமும் வீடுகளும் ஃபவுண்டேஷனுக்குச் சொந்தம். அங்கே குடியிருப்பவருக்குக் குடியிருக்கும் இடம் உண்டு, விற்கும் உரிமை கிடையாது. ஆகவே ‘ஆரோவில்லுக்குள்ளயே ஒரு வீடு சார், ஓனர் பிரான்ஸ் போறாரு, கைமாத்தி விட்டுடலாம்’ என்று யாராவது சொன்னால் விலை கேட்கவே வேண்டாம். கைமாற்ற அவரிடம் ஒன்றும் இல்லை.

உள்ளே வாங்க முடியாது என்பது பலருக்குத் தெரியும். ஏமாறுவது வெளியேதான். ஆரோவில் பெருந்திட்டத்தின் வரைபடம் 1.25 கிலோமீட்டர் ஆரமுள்ள நகரப் பகுதியையும், அதைச் சுற்றி இன்னொரு 1.25 கிலோமீட்டர் அகலத்துக்குப் பசுமை வளையத்தையும் போட்டிருக்கிறது. மொத்தம் சுமார் 20 சதுர கிலோமீட்டர். இந்த வட்டத்துக்குள் ஃபவுண்டேஷன் நிலத்தோடு கிராமங்களும் தனியார் பட்டா நிலங்களும் கலந்து கிடக்கின்றன. 2001-ல் மத்திய அரசு ஒப்புதல் தந்து, 2010-ல் அரசிதழில் வந்த திட்டம் அது. 2021 டிசம்பரில் அந்தத் திட்டத்தில் உள்ள கிரவுன் சாலைக்காக மரங்கள் சாய்க்கப்பட்டபோது விவகாரம் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போனது. தீர்ப்பாயத்தின் 2022 உத்தரவை 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. பெருந்திட்டத்துக்குச் சட்ட வலு உண்டு என்றும் சொன்னது. மரங்களைப் பற்றி எனக்குத் தனிக் கருத்து உண்டு, அது இன்னொரு நாள். வாடகை வீடு தேடுகிறவர் கவனிக்க வேண்டியது, அந்த வரைபடம் இனி சுவரில் மாட்டும் படமாக மட்டும் இருக்காது என்பதை. நீங்கள் வாங்கப்போகும் புல எண் அதில் எந்த நிறத்தில் விழுகிறது என்று நகர் ஊரமைப்புத் துறை அலுவலகத்தில் எழுதிக் கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள். ‘பக்கத்துக் காட்டுல ரெண்டு மாடி கட்டியிருக்காங்களே’ என்பது பதில் ஆகாது. அவருக்கு இன்னும் நோட்டீஸ் வரவில்லை, அவ்வளவுதான்.

அடுத்து பாண்டிச்சேரி என்ற பெயர். புதுச்சேரி எல்லை ஒரே கோடாகப் போவதில்லை. துண்டு துண்டாகத் தமிழ்நாட்டுக் கிராமங்களுக்கு நடுவே விழுந்து கிடக்கிறது. கடிதம் புதுச்சேரிப் பெயரில் வந்து சேரும். பத்திரப் பதிவு தமிழ்நாட்டில் நடக்கும். இங்கே முத்திரைத் தீர்வையும் மாற்ற வரியும் சேர்ந்து 7 விழுக்காடு, பதிவுக் கட்டணம் 2, ஆக 9. வழிகாட்டி மதிப்பு, பத்திர மதிப்பு இரண்டில் எது அதிகமோ அதன்மேல். 2023 ஏப்ரலில் பதிவுக் கட்டணத்தை 4-லிருந்து 2 ஆகக் குறைத்த கையோடு வழிகாட்டி மதிப்பை 2017 ஜூனுக்கு முந்தைய அளவுக்கு ஏற்றிவிட்டார்கள். 60 லட்சத்துக்கு வாங்கினால் 5,40,000 அன்றைக்கே போயிற்று. வாடகைக் கணக்குப் போடும்போது இந்தத் தொகையை முதலீட்டில் சேர்க்காதவர்களே அதிகம்.

எல்லைக்கு அந்தப் பக்கம் பாதுகாப்பு என்றும் நினைக்க வேண்டாம். புதுச்சேரி ரெயின்போ நகரில் காமாட்சியம்மன் கோயிலுக்குச் சொந்தமான நிலமே போலி ஆவணங்களில் மனைகளாகி விலைபோன வழக்கில், பதிவுத் துறை அதிகாரியே கைதானார். கோயில் நிலத்துக்கே அந்தக் கதி.

‘ரிஜிஸ்டர் ஆயிடுச்சு இல்ல, அப்புறம் என்ன?’

இந்த ஒரு வாக்கியம்தான் தமிழ்நாட்டில் அதிகம் பேரைக் கவிழ்த்திருக்கிறது. விற்பவருக்கு அந்த நிலத்தில் உரிமை இருக்கிறதா என்று தீர்ப்பு சொல்வது சார்பதிவாளரின் வேலை இல்லை. 2025 ஏப்ரல் 7-ல் உச்ச நீதிமன்றம் கே. கோபி வழக்கில் இதைத் தெளிவாகவே சொல்லி, மூலப் பத்திரம் காட்டாவிட்டால் பதிவை மறுக்கலாம் என்ற தமிழ்நாட்டுப் பதிவு விதி 55-ஏ பிரிவைச் செல்லாது என்றது. மூலப் பத்திரத்தைக் கட்டாயமாக்க மாநில அரசு பிறகு சட்டத் திருத்தம் கொண்டுவந்தது வேறு விஷயம். எது எப்படியானாலும், பதிவு என்பது இன்ன தேதியில் இன்னார் இன்னாருக்கு எழுதிக்கொடுத்தார் என்பதற்குச் சாட்சி. எழுதிக்கொடுத்தவருக்கு எழுதிக்கொடுக்கப் பாத்தியதை இருந்ததா என்பதை நீங்கள்தான் தோண்டிப் பார்க்க வேண்டும்.

எப்படித் தோண்டுவது? வில்லங்கச் சான்றை முப்பது வருஷத்துக்குப் போட்டு வாங்குங்கள். வாங்கியதும் கடைசிப் பக்கத்தைப் புரட்டி மடித்து வைக்காமல், வரிசை எண் ஒன்றிலிருந்து விரல் வைத்துப் படியுங்கள். இப்படி ஒன்று வரும் என்று வைத்துக்கொள்வோம்: 1998-ல் அப்பா மூத்த மகனுக்கு ஏற்பாட்டு ஆவணம் எழுதுகிறார். 2009-ல் மகன் ஒருவருக்குப் பொது அதிகாரம் கொடுக்கிறார். அதே வருஷம் அந்த அதிகாரத்தை வைத்து விற்பனை. 2014-ல் வங்கியில் ஒரு அடமானம். அதற்குக் கீழே ரசீது ஆவணம் ஒன்று பதிவாகியிருக்கிறதா? இல்லையென்றால் கடன் அப்படியே நிற்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். விற்பவர் செல்போனில் காட்டும் ‘கடன் முடிந்தது’ குறுஞ்செய்தி போதாது. மேலே போய் 2009-ஐப் பாருங்கள். அதிகாரம் கொடுத்தவர் விற்பனை நடந்த தேதியில் உயிரோடு இருந்தாரா? அவர் இறந்த நிமிஷமே பொது அதிகாரமும் செத்துவிடும். வெளிநாட்டில் இருப்பவர் பெயரில் உள்ள நிலங்களில் இதுதான் வழக்கமான ஓட்டை. இன்றைக்கு விற்பனை அதிகாரப் பத்திரத்தின் மூலம் நடந்தால், அதிகாரம் கொடுத்தவர் உயிருடன் இருப்பதற்கான மருத்துவர் சான்றை நீங்களே வாசித்துப் பாருங்கள். வெறும் பொது அதிகாரமும் ஒப்பந்தமும் சேர்ந்து விற்பனை ஆகிவிடாது என்று உச்ச நீதிமன்றம் 2011-லேயே சொல்லியாயிற்று.

அப்புறம் 1998. அப்பாவுக்கு அது சுயமாக வாங்கியதா, பூர்வீகமா? பூர்வீகமென்றால் அக்கா தங்கைகள் எங்கே? தமிழ்நாட்டில் 1989 முதல், நாடு முழுக்க 2005 முதல் மகளுக்கும் கூட்டுக்குடும்பச் சொத்தில் பங்கு உண்டு. 2005-ல் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை என்று 2020 ஆகஸ்டில் வினீதா சர்மா வழக்கில் முடிவாகிவிட்டது. ‘அக்கா கல்யாணத்துக்கு நகை போட்டாச்சு சார், அவங்க கேக்க மாட்டாங்க’ என்று விற்பவர் சொல்வார். கேட்க மாட்டார் என்றால் கையெழுத்துப் போடுவதில் என்ன சிரமம்? அக்காவை அழைத்து வரச் சொல்லுங்கள். நிலம் செண்டு பல லட்சத்துக்கு ஏறிய ஊரில் அக்காவின் மகன் சும்மா இருக்க மாட்டான்.

வில்லங்கச் சான்றில் வராதவையும் உண்டு. பதிவாகாத உடன்படிக்கை வராது. நடந்துகொண்டிருக்கும் பாகப் பிரிவினை வழக்கு பெரும்பாலும் வராது. வாரிசுகளின் பங்கு வராது. பட்டாவில் ‘கூட்டுப் பட்டா’ என்றிருந்தால் நீங்கள் வாங்குவது எந்தத் துண்டு என்பதே முடிவாகவில்லை; உட்பிரிவு செய்து தனிப் பட்டா வந்த பிறகு பேசலாம். அ-பதிவேட்டைப் பாருங்கள். 1979-லிருந்து 1987 வரை நடந்த யூ.டி.ஆர். என்ற நிலவுடைமை மேம்பாட்டுத் திட்டத்தின்போது பெயர்களும் வகைப்பாடுகளும் மாறிப்போன கதைகள் ஏராளம். அதற்கு முந்தைய பழைய அ-பதிவேட்டையும் வழக்கறிஞர் பார்த்தாக வேண்டும். 1892-க்குப் பிறகு பட்டியல் சாதியினருக்கு அரசு ஒப்படைத்த பஞ்சமி நிலமாக அது இருந்தால் எத்தனை கை மாறியிருந்தாலும் உங்களிடம் தங்காது. தங்கவும் கூடாது என்பது என் கருத்து. கோயில் நிலம், வக்பு நிலம், பூதான நிலம், அரசுப் புறம்போக்கு இவற்றைப் பதிவு செய்யவே தடை. ஆனாலும் பக்கத்து உட்பிரிவு எண்ணைப் பத்திரத்தில் எழுதி, புறம்போக்கை இடத்தில் காட்டுகிற வித்தை நடக்கிறது. அதற்காகத்தான் புலப்படம். சர்வேயரைக் கூட்டிப்போய் அளந்து, கல் நட்டுப் பாருங்கள்.

பாதையும் அப்படியே. பத்திரத்தில் ‘மாமூல் வண்டிப்பாதை பாத்தியம் உள்பட’ என்று இருக்கும். சக்குபந்தியைப் படித்தால் நாலு எல்லையிலும் தனியார் பெயர்தான் இருக்கும். புலப்படத்தில் பாதையே இருக்காது. இப்போது நீங்கள் காரில் போன வழி பக்கத்துக் காட்டுக்காரரின் தயவு. அவருடைய மகன் வேலி போட்ட அன்றைக்கு உங்கள் விடுதிக்கு ஹெலிகாப்டரில்தான் ஆள் வர வேண்டும்.

மனையாக வாங்கினால் அங்கீகார எண் கேளுங்கள். அங்கீகாரம் இல்லாத மனைகளின் பதிவுக்கு 2016 செப்டம்பர் 9-ல் சென்னை உயர் நீதிமன்றம் தடை போட்டது. அந்த ஆண்டு அக்டோபர் 20-க்கு முன் பிரிக்கப்பட்ட மனைப்பிரிவுகளுக்கு மட்டும் 2017-ல் வரன்முறை விதிகள் வந்தன. அதற்குப் பின் சும்மா கல் நட்டுப் பிரித்ததெல்லாம் மனை அல்ல, துண்டு போட்ட புஞ்சை. 500 சதுர மீட்டருக்கு மேலான மனைப்பிரிவு என்றால் மனை விற்பனை ஒழுங்குமுறைக் குழுமமான ரெராவின் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். ‘பஞ்சாயத்து அப்ரூவல்’ என்று இழுத்தால் எழுந்துவிடுங்கள்.

ஆள் இருக்கும் வீடு

கட்டிய வீடு, வாடகைக்கு ஆள் இருக்கிறார், வாங்கிய மாதமே வாடகை வரும் என்பார்கள். அந்த ஆள் வாடகைக்கு இருக்கிறாரா, போக்கியத்துக்கு இருக்கிறாரா? விற்பவரிடம் கேட்காதீர்கள், வீட்டுக்குள் போய், தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, அந்த வீட்டு அம்மாவிடம் கேளுங்கள். எட்டு லட்சம் போக்கியம் கொடுத்து இருபது ரூபாய் பத்திரத்தில் எழுதி, பதிவு செய்யாமல் பீரோவில் வைத்திருப்பார். அது வில்லங்கச் சான்றில் வராது. ஆனால் ஒருவர் இடத்தில் குடியிருப்பதே வாங்குகிறவருக்கு அறிவிப்பு என்று சொத்து மாற்றுச் சட்டத்தின் 3-வது பிரிவு சொல்கிறது. ‘எனக்குத் தெரியாது’ என்று பிறகு நீதிமன்றத்தில் நின்றால் எடுபடாது. விலையில் அந்த எட்டு லட்சத்தைக் கழித்து, காலி செய்துகொடுத்த பிறகே மீதி என்று எழுதுங்கள்.

புதிதாக ஆள் வைப்பதானாலும் சென்னை அனுபவத்தை இங்கே அப்படியே இறக்க வேண்டாம். 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கும் புதிய வாடகைச் சட்டமும் வாடகை அதிகாரி அமைப்பும் நகரங்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. ஊராட்சிப் பகுதியில் இருக்கும் வீட்டுக்குத் தகராறு வந்தால் நோட்டீஸ், சிவில் வழக்கு, வாய்தா என்ற பழைய பாதைக்கே தயாராக இருங்கள். எழுத்தில் ஒப்பந்தம் போடுங்கள். ஒரு வருஷத்துக்கு மேல் என்றால் பதிவு கட்டாயம். வாடகை தரவில்லை என்று மின்சாரத்தைப் பிடுங்குவது, பூட்டுப் போடுவது எல்லாம் உங்களைத்தான் காவல் நிலையத்துக்கு இழுக்கும்.

வெளிநாட்டில் இருக்கிறீர்களா? கொஞ்சம் நில்லுங்கள்

இந்த வட்டாரத்தில் வாங்க வருபவர்களில் பிரெஞ்சுக் குடியுரிமை பெற்ற புதுச்சேரித் தமிழர்களும் வளைகுடா, சிங்கப்பூர்த் தமிழர்களும் நிறைய. வெளிநாடு வாழ் இந்தியரும் ஓ.சி.ஐ. அட்டைக்காரரும் வீடு வாங்கலாம், கடை வாங்கலாம். விவசாய நிலம், தோட்டம், பண்ணை வீடு வாங்கக் கூடாது. அன்னியச் செலாவணி விதி அது. இங்கே ‘ஃபார்ம் ஹவுஸ்’ என்று விற்பதில் பெரும்பகுதி ஆவணத்தில் புஞ்சைதான். மீறினால் சம்பந்தப்பட்ட தொகையைப் போல மூன்று மடங்கு வரை அபராதம். தெரிந்தே விற்கும் தரகர்கள் உண்டு. பத்திரம் முடிந்து கமிஷன் வாங்கிய பிறகு அந்த அபராதம் அவர் பிரச்சினை அல்ல.

அதனால் என்ன செய்கிறார்கள்? ஊர்ப் பையன் பெயரில் வாங்குகிறார்கள். இந்திய வம்சாவளி அல்லாத, வெளிநாட்டில் வசிக்கும் அன்னியர் ஐந்து வருஷத்துக்குள்ளான குத்தகை தவிர இங்கே சொத்து வாங்கவே முடியாது என்பதால், அவர்களும் ஸ்கூட்டர் வாடகைக்குக் கொடுத்த தம்பியின் பெயரைத் தேடுகிறார்கள். இது பினாமி. 2016 திருத்தத்துக்குப் பிறகு சொத்து பறிமுதல், ஒன்று முதல் ஏழு வருஷம் வரை கடுங்காவல், சந்தை மதிப்பில் 25 விழுக்காடு வரை அபராதம். கம்பி எண்ணப் போவது பணம் போட்டவர் மட்டும் அல்ல, பெயர் கொடுத்த தம்பியும்தான். குயிலாப்பாளையத்துப் பிள்ளைகள் இதைப் படித்தால் நல்லது: ‘சும்மா பேர்தான் தம்பி’ என்று யார் சொன்னாலும், ஆதார் அட்டையை நீட்டாதீர்கள்.

அந்த இரண்டு லட்சத்து நாற்பதாயிரம்

இப்போது தரகரின் கணக்குக்கு வருவோம். நாலு அறை, இரண்டாயிரம், முப்பது நாள்: மாதம் 2,40,000. எழுபது லட்சம் போட்டால் இரண்டரை வருஷத்தில் அசல் திரும்பிவிடும் என்று காகிதத்தில் வரும். இது உண்மையென்றால் விற்பவர் ஏன் விற்கிறார்?

வாரக்கடைசி, டிசம்பர் கடைசி, ஜனவரி, நீண்ட விடுமுறை இவை தவிர்த்த செவ்வாய்க்கிழமைகளில் போய்ப் பாருங்கள். தாராளமாக மாதம் பன்னிரண்டு இரவு நிரம்பும் என்று வைத்தாலும் 96,000. அதில் முன்பதிவுத் தளத்துக்குக் கமிஷன், துணி வெளுக்க, அறை பெருக்க ஆள், இரவுக் காவலுக்கு ஆள், டேங்கர் தண்ணீர், ஏ.சி. ஓடுகிற மின்சாரம், உப்புக் காற்றில் வருஷா வருஷம் பெயின்ட். இது வாடகை வருமானமே இல்லை. இது லாட்ஜ் தொழில். நீங்கள் அம்பத்தூரில் உட்கார்ந்துகொண்டு நடத்த நினைக்கும் தொழில்.

தொழிலென்றால் அதற்கான காகிதமும் வேண்டும். குடியிருப்புக்கு அனுமதி வாங்கிய கட்டடத்தில் விடுதி நடத்த முடியாது. மீட்டர் பெட்டியைத் திறந்து பாருங்கள்: இணைப்பு வீட்டுக் கட்டணத்தில் இருக்கும், மேலே நாலு ஏ.சி. ஓடும். மின்சாரச் சட்டம் 126-வது பிரிவில் மின்வாரியம் பிடித்தால், எந்தக் கட்டணம் பொருந்துமோ அதில் இரண்டு மடங்கு. எப்போதிலிருந்து என்று தெரியாவிட்டால் ஒரு வருஷத்துக்கு. பழைய ஓனர் நடத்திய கூத்துக்கு உங்கள் பெயரில் பில் வரலாம். ‘ஹோம்ஸ்டேன்னு போட்டுக்கலாம்’ என்பார்கள். மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் ஹோம்ஸ்டே திட்டத்தில் வீட்டுக்காரர் குடும்பத்தோடு அங்கேயே குடியிருக்க வேண்டும். நீங்கள் இருக்கப்போகிறீர்களா?

வெளிநாட்டவர் தங்கினால், அது ஒரு ராத்திரியே ஆனாலும், வந்து 24 மணி நேரத்துக்குள் அவர் விவரத்தைக் குடியேற்றத் துறையின் இணையதளத்தில் ஏற்ற வேண்டும். ‘சி’ படிவம் என்று ஊரில் எல்லோருக்கும் தெரிந்தது. 2025 செப்டம்பர் 1-ல் புதிய குடியேற்ற, வெளிநாட்டினர் சட்டம் வந்த பிறகும் அந்தக் கடமை தொடர்கிறது. விடுதி என்றில்லை, வீட்டில் தங்கவைத்தாலும் பொருந்தும். மாத வாடகைக்கு ஒரு ஜெர்மன்காரரை வைத்துவிட்டு, விசா தேதி பார்க்காமல், படிவம் போடாமல், ‘நல்ல மனுஷன், வாடகை கரெக்டா குடுக்கறாரு’ என்று இருப்பவர்களை நினைத்தால் எனக்குத்தான் வயிற்றைக் கலக்குகிறது.

லாட்ஜ் வேண்டாம், ஒரு குடும்பத்துக்கு மாத வாடகைக்கே விடுகிறேன் என்றால் நிம்மதி உண்டு, வருமானம் குறைவு. எழுபது லட்சம் போட்ட வீட்டுக்கு மாதம் பதினைந்தாயிரம் வாடகை என்றால் வருஷத்துக்கு 1,80,000. இரண்டரை விழுக்காட்டுக்குச் சற்றே மேல். வங்கி வைப்பு நிதி இதைவிட இரண்டு மடங்குக்கு மேல் தரும், கூரை ஒழுகாது. இதை வீட்டுக் கடனில் வாங்குவது எந்தக் கணக்கிலும் வராது. புதிய வருமானவரி முறையில் இருப்பவர், வாடகையை மிஞ்சிய வட்டி நஷ்டத்தைச் சம்பளத்தில் கழித்துக்கொள்ளவும் முடியாது. நிலத்தின் விலை ஏறும் என்பதற்காக வாங்குகிறேன் என்றால் அதை அப்படியே சொல்லுங்கள். ஆனால் வாடகைக்காக வாங்குவதாக மனைவியிடம் சொல்லாதீர்கள்.

இந்தக் குறைந்த வருமானத்தைப் பார்த்துச் சலித்தவரைத்தான் அடுத்த வலை தேடுகிறது. ‘நீங்க ஒரு யூனிட் வாங்குங்க, நாங்களே நடத்தி மாசம் ஒரு விழுக்காடு வாடகை உறுதியாத் தர்றோம்.’ முதல் ஆறு மாதம் வரும். உங்கள் பணத்திலிருந்தே அது வருகிறது. நிலம் காட்டி, மாத வருமானம் சொல்லிப் பணம் திரட்டிய புகாரில்தான் மதுரையைத் தலைமையிடமாகக் கொண்ட நியோமேக்ஸ் மீது 2023-ல் பொருளாதாரக் குற்றப்பிரிவு வழக்குப் போட்டது. அதற்கு முன் பி.ஏ.சி.எல். நாடு முழுவதும் நிலத்தின் பெயரால் திரட்டிய தொகை 49,000 கோடி என்று செபி கணக்குச் சொன்னது. உறுதி வாடகை என்று யாராவது சொன்னால், அந்த உறுதியை வங்கி உத்தரவாதமாகத் தரச் சொல்லுங்கள். பேச்சு அங்கேயே முடிந்துவிடும்.

மேட்டை விட்டுக் கீழே, கடலோரமாகப் பொம்மையார்பாளையம், சின்னமுதலியார்சாவடிப் பக்கம் ‘சீ வியூ’ தேடுபவர்களுக்கு ஒரு வார்த்தை. உயர் அலைக்கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை கடற்கரை ஒழுங்குமுறை மண்டலம்; கோட்டை ஒட்டிய பட்டையில் புதுக் கட்டடத்துக்கே இடமில்லை. அதோடு, 1980-களின் கடைசியில் புதுச்சேரித் துறைமுகத்துக்கு அலைத்தடுப்பு கட்டியதிலிருந்து வடக்கே உள்ள கரையைக் கடல் தின்றுகொண்டே வருகிறது. பத்திரத்தில் எழுதிய கிழக்கு எல்லை இன்றைக்கு அலைக்குள் இருக்கலாம். குயிலாப்பாளையம் மேடு என்பதால் அந்தப் பயம் இல்லை, ஆனால் மேட்டிலிருந்து தண்ணீர் செம்மண்ணை அறுத்துக்கொண்டு ஓடைகளில் இறங்குகிறது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது புதுச்சேரியில் 24 மணி நேரத்தில் சுமார் 48 சென்டிமீட்டர் கொட்டியது. அன்றைக்கு இந்த மனையில் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடியது என்று பக்கத்து வீட்டில் கேளுங்கள். ஏப்ரலில் மனை பார்க்கப் போகிறவருக்கு எல்லாம் மேடாகத்தான் தெரியும்.

ஏற்கெனவே டோக்கன் கொடுத்துவிட்டீர்களா?

அப்படியென்றால் இன்னும் கொடுக்காதீர்கள். ‘மீதி அட்வான்ஸ் போட்டாத்தான் பேப்பர் காட்டுவேன்’ என்பதற்கு மசிய வேண்டாம். சொத்து விற்பனைக்கு முன்பணமாக 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை வருமானவரிச் சட்டம் தடுக்கிறது. அபராதம் வாங்கியவருக்கு, வாங்கிய தொகை அளவுக்கே. இதை விற்பவருக்கு மெதுவாக நினைவுபடுத்தினால் சில நேரம் பணம் தானாகத் திரும்பும். கிரய உடன்படிக்கை எழுதியிருந்தால் தமிழ்நாட்டில் 2012-லிருந்து அதைப் பதிவு செய்வது கட்டாயம். பதிவு செய்யவில்லை என்பதற்காகக் கையைப் பிசைய வேண்டாம். கிரயத்தை நிறைவேற்றக் கோரும் வழக்கில் பதிவாகாத உடன்படிக்கையையும் சாட்சியமாக ஏற்கலாம் என்று 2023-ல் உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டு வழக்கு ஒன்றிலேயே சொல்லியிருக்கிறது. ஆனால் கெடு முடிந்த தேதியிலிருந்து மூன்று வருஷம்தான் அவகாசம். மனைப்பிரிவுக்காரர் மீதென்றால் ரெராவில் முறையிடலாம். போலிப் பத்திரமென்று சந்தேகம் வந்தால் மாவட்டக் காவல்துறையில் நில அபகரிப்புத் தடுப்புப் பிரிவு 2011-லிருந்து இயங்குகிறது. போகும்போது வில்லங்கச் சான்று, வங்கிக் கணக்கு நகல், தரகர் அனுப்பிய விளம்பரப் படம், ‘நாளைக்கு பெங்களூரு பார்ட்டி’ உள்பட எல்லா வாட்ஸ்அப் பேச்சும் இருக்கட்டும். கோபத்தில் அவர் நம்பரை பிளாக் செய்து பேச்சை அழித்துவிடாதீர்கள். அச்செடுத்துத் தேதி வாரியாக அடுக்கிக்கொண்டு போங்கள்.